பஞ்ச்-அவுட்!! இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டையாய், பதினேழு வயதுப் பையனாய் ஒரு லிட்டில் மேக். எதிரே அவனைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்கும் குத்துச்சண்டை வீரர்கள். ஓரத்தில் ரெஃபரியாக மாரியோ. 1987-ல் நின்டெண்டோவின் எட்டு பிட் பெட்டிக்கு (டிவியில் இணைத்து ஆடும் என்இஎஸ்) வந்த 'பஞ்ச்-அவுட்!!' விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்தப் படம் மறக்காது. அதைவிட மறக்காதது அதன் இசை. அது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

பஞ்ச்-அவுட் என்ற பெயரில் நிறைய இருக்கிறதே, எதைப் பற்றிப் பேசுகிறோம்?

முதலில் வந்தது 1984-ன் ஆர்கேடு எந்திரம், அதாவது கடையில் காசு போட்டு ஆடுவது. மேலும் கீழுமாக இரண்டு திரை வைத்த பெரிய பெட்டி அது. அதே ஆண்டில் அதன் அடுத்த பாகமும் ஆர்கேடுக்கு வந்தது. பிறகு 1987-ல் வீட்டுப் பெட்டிக்கு வந்ததுதான் பெரும்பாலோர் மனதில் இருக்கும் பஞ்ச்-அவுட். 1994-ல் சூப்பர் நின்டெண்டோவுக்கு ஒன்று, 2009-ல் வீ கன்சோலுக்கு ஒன்று.

1987 பதிப்பிலேயே மூன்று உண்டு. ஜப்பானில் அது முதலில் கடைக்கே வரவில்லை. கோல்ஃப் விளையாட்டு ஒன்றுக்காக நின்டெண்டோ நடத்திய போட்டியில் ஜெயித்தவர்களுக்குத் தங்க நிற கேட்ரிட்ஜாக (விளையாட்டு அடங்கிய, பெட்டியில் செருகும் உறை) பரிசு கொடுத்தார்கள். அதில் கடைசி எதிராளியாக மைக் டைசன் கிடையாது. அப்புறம் டைசன் பெயரோடு கடைக்கு வந்தது. 1990-ல் டைசன் போய் மிஸ்டர் டிரீம் என்ற கற்பனை வீரர் வந்தார். இந்தப் பக்கத்தில் ஆண்டு குறிப்பிடாமல் 'பஞ்ச்-அவுட்' என்றால் 1987 விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இசை கோஜி கோண்டோவுடையதுதானே?

பாதி சரி. மாரியோ, செல்டா விளையாட்டுகளுக்கு இசை தந்த கோண்டோ 1984-ல் நின்டெண்டோவில் சேர்ந்ததும் அவர் கைக்கு வந்த முதல் வேலை ஆர்கேடு பஞ்ச்-அவுட்டின் ஒலிதான். வீட்டுப் பெட்டிப் பதிப்பின் இசை வேறு மூவருடையது: யுகியோ கனேயோகா, அகிட்டோ நகட்சுகா, கெஞ்ஜி யமமோட்டோ.

இந்த மூன்று பெயரும் கோண்டோ அளவுக்குப் பிரபலம் ஆகாததால், 'நின்டெண்டோ பழைய பாட்டு' என்றாலே எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கனேயோகா 1981-ன் டாங்கி காங்கிலேயே இசை போட்டவர், அந்த நிறுவனத்தின் ஒலி வேலையில் மூத்தவர்களில் ஒருவர். நகட்சுகா எக்ஸைட்பைக்குக்கும் இரண்டாவது செல்டாவுக்கும் இசையமைத்தவர். யமமோட்டோ பின்னாளில் சூப்பர் மெட்ராய்டு, மெட்ராய்டு பிரைம் என்று போனார். சூப்பர் மெட்ராய்டின் அந்த இருண்ட, ஆளில்லாத குகைச் சத்தத்தையும் பஞ்ச்-அவுட்டின் துள்ளலையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆளின் கை இருக்கிறது என்று நம்புவது கஷ்டம்.

இன்னொரு யமமோட்டோவும் உண்டு. டிராகன் பால் தொடருக்கு இசை தந்தவர், அதே பெயர், வேறு ஆள். இணையத்தில் இருவரையும் குழப்பி வைத்திருக்கும் பட்டியல்கள் ஏராளம்.

அந்தப் பெட்டியில் இசை எப்படி வருகிறது? பதிவு செய்த பாட்டா?

இல்லை. விளையாட்டு மொத்தமே 256 கிலோபைட். அதில் சரிபாதி படங்களுக்குப் போய்விடுகிறது. இன்று ஃபோனில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரியது. பாட்டைப் பதிவு செய்து வைக்க இடமே கிடையாது. அதனால் கேட்ரிட்ஜில் இருப்பது குறிப்புகள்தான்: எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம். அதை அந்த நொடியிலேயே வாசிப்பது பெட்டிக்குள் இருக்கும் ரிக்கோ 2ஏ03 சிப்.

அந்தச் சிப்புக்கு ஐந்து குரல்கள். முதல் இரண்டும் சதுர அலை. அலை ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே இருக்கிறது என்பதை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு என்றால் மூக்கால் பாடுவதுபோல் மெலிந்த ஒலி, சரிபாதி என்றால் உருண்டு திரண்ட ஒலி. சத்தத்தை 16 படிகளில் ஏற்றி இறக்கலாம். மெட்டும் அதற்குத் துணைக் குரலும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான். மூன்றாவது முக்கோண அலை. அடிநாதம், அதாவது பேஸ், இதன் வேலை. இதற்குச் சத்தக் கட்டுப்பாடே கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும், நடுவில் எதுவும் இல்லை. நான்காவது வெறும் இரைச்சல். துண்டு துண்டாக வெட்டினால் தாளம், நீட்டினால் கூட்டத்தின் ஆரவாரம். ஐந்தாவது பதிவு செய்த ஒலித் துணுக்கை வாசிக்கும். நினைவகத்தைத் தின்றுவிடும் என்பதால் கஞ்சத்தனமாகத்தான் பயன்படுத்துவார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அடி விழும் சத்தம், மணிச் சத்தம், எதிராளி சிரிப்பு எல்லாமே இதே ஐந்து குரல்களில்தான் வர வேண்டும். ஒரு குத்து விழுந்தால் அந்தக் குரலில் ஓடிக்கொண்டிருந்த இசை அந்தக் கணத்துக்கு வாயை மூடிக்கொள்ளும். குத்துச்சண்டை விளையாட்டில் குத்து விழாத நேரம் எவ்வளவு? அதனால் இங்கே சண்டைப் பாட்டு எழுதுகிறவர், நடு நடுவே பிய்த்தெடுத்தாலும் நிற்கிற பாட்டைத்தான் எழுத முடியும்.

கேட்ரிட்ஜுக்குள் எம்எம்சி2 என்று தனிச் சிப் ஒன்று உண்டு, இந்த விளையாட்டைத் தவிர வேறு எதிலும் அது வந்ததில்லை. அதனால் இசை நன்றாக இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சிப்புக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை. எதிராளிகளை அவ்வளவு பெரிதாக வரைய உதவியது அது. ஒலி விஷயத்தில் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது: ஆர்கேடு எந்திரமும் தன் ஒலிக்கு இதே 2ஏ03 குடும்பச் சிப்பைத்தான் வைத்திருந்தது. கூடவே பேசும் சிப் ஒன்று இருந்ததால் அதில் வர்ணனையாளர் குரல் கேட்கும். வீட்டுக்கு வரும்போது அந்த வர்ணனையாளரை வாசலிலேயே விட்டுவிட்டார்கள்.

சண்டைக்கு முன்னால், வீரர்களின் விவரம் காட்டும் திரையில் ஒரு மார்ச் இசை வருமே, அது என்ன?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அது நின்டெண்டோ எழுதிய மெட்டு கிடையாது. ஷேவிங் பிளேடு விளம்பரப் பாட்டு!

அமெரிக்காவில் ஜில்லெட் நிறுவனம் பல ஆண்டுகள் விளையாட்டு ஒளிபரப்புகளுக்குப் பணம் போட்டது. 1940-களின் நடுவிலிருந்து 1960 வரை என்பிசி தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவு குத்துச்சண்டை என்றால் அது ஜில்லெட் நிகழ்ச்சிதான். அதற்கு மாலன் மெரிக் என்ற இசையமைப்பாளர் போட்டுத் தந்த அணிவகுப்பு மெட்டு 'லுக் ஷார்ப்'. வாரா வாரம் அந்த மெட்டு, அப்புறம் மணி, அப்புறம் சண்டை. கேட்டுக் கேட்டு, அந்த மெட்டு வந்தாலே அடுத்தது குத்துச்சண்டை என்று ஒரு தலைமுறைக்கே பழகிவிட்டது. தியேட்டரில் விக்கோ வஜ்ரதந்தி பாட்டு வந்தாலே படம் தொடங்கப் போகிறது என்று நாம் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தோமே, அந்தப் பழக்கம்தான்.

ஜப்பானில் உட்கார்ந்து விளையாட்டு செய்தவர்கள் இந்த மெட்டை எடுத்து, சரியாக அதே இடத்தில், சண்டைக்கு முந்தைய அறிமுகத் திரையில் வைத்தார்கள். 1987-ல் கட்டுப்பொறியைக் கையில் வைத்திருந்த அமெரிக்கச் சிறுவனுக்கு இது வெறும் நல்ல மெட்டு. பின்னால் சோஃபாவில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வெள்ளிக்கிழமை இரவு. எட்டு பிட் இசையில் இவ்வளவு புத்திசாலித்தனமான ஓர் இடத்தேர்வை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வீரரும் மேடையேறும்போது வரும் சின்னச் சின்ன மெட்டுகள் எங்கிருந்து வந்தவை?

பல மெட்டுகள் உலகம் அறிந்தவை. சில விநாடிகளே ஒலிக்கும், ஆனால் வந்திருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று திரையைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

பாரிஸிலிருந்து வரும் கிளாஸ் ஜோவுக்கு 'லா மர்செயேஸ்', அதாவது பிரெஞ்சு தேசிய கீதம். 1792-ல் ருஜே த லீல் என்ற ராணுவ அதிகாரி போர்முழக்கமாக எழுதியது. ஜோவின் கணக்கு ஒரு வெற்றி, 99 தோல்வி. ஆயுதம் ஏந்துங்கள் என்று அழைக்கும் பாட்டோடு மேடையேறி, ஒரு நிமிடத்தில் மல்லாந்துவிடுவார். விளையாட்டின் முதல் நகைச்சுவையே இந்த மெட்டுதான்.

பெர்லினின் வான் கைஸருக்கு வாக்னரின் 'வால்கிரிகளின் சவாரி'. டோக்கியோவின் பிஸ்டன் ஹோண்டாவுக்கு 'சகுரா சகுரா', செர்ரிப் பூக்களைப் பாடும் பழைய ஜப்பானிய நாட்டுப் பாடல். மாட்ரிடின் டான் ஃபிளமெங்கோவுக்கு பிசேயின் 'கார்மென்' ஆபெராவிலிருந்து ஒரு துண்டு. ஸ்பெயின்காரருக்குப் பிரெஞ்சுக்காரர் எழுதிய ஸ்பெயின்! மாஸ்கோவின் சோடா போபின்ஸ்கிக்கு 'வோல்கா படகுக்காரர்கள்'. ஆற்றங்கரையில் கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்துக்கொண்டு நடந்தவர்களின் பாட்டு அது, அதன் கனமான இழுவை அவர் உடம்புக்குப் பொருந்திப் போகிறது. ஆர்கேடில் அவர் பெயர் வோட்கா ட்ரங்கென்ஸ்கி. வீட்டுப் பிள்ளைகள் ஆடும் பெட்டியில் வோட்கா ஆகாது என்று சோடாவாக்கிவிட்டார்கள்.

இவற்றில் ஒரு பொது அம்சத்தைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் 19-ம் நூற்றாண்டோ அதற்கும் முந்தையதோ. யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. அதோடு, நாலே ஸ்வரத்தில் அடையாளம் காட்ட வேண்டுமென்றால் ஏற்கெனவே எல்லார் காதிலும் பதிந்த மெட்டுதான் சரிப்படும். சொந்தமாக எழுதினால் 'இது பிரான்ஸ்' என்று சொல்ல அரை நிமிடமாவது வேண்டும்.

கிரேட் டைகர் நம்ம ஊர்க்காரர்தானே? அவருக்கு வருவது இந்திய இசையா?

பம்பாய்க்காரர், திரையில் அப்படித்தான் போடுவார்கள். தலைப்பாகை, அதில் ஒரு மணிக்கல். அந்தக் கல் மின்னினால் குத்து வரப் போகிறது என்று அர்த்தம்.

மெட்டைப் பொறுத்தவரை, மற்றவர்களுக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். பிரெஞ்சுக்காரருக்குப் பிரான்ஸில் பாடும் பாட்டு, ஜப்பானியருக்கு ஜப்பானில் பாடும் பாட்டு. இந்தியருக்கு மட்டும், வெளிநாட்டுப் படங்களில் கிழக்கு என்றாலே பின்னணியில் நெளியுமே, அந்த வகை மெட்டு. நம் காது உடனே மகுடியைத் தேடும். ஆனால் மகுடி என்றால் நமக்குப் புன்னாகவராளி ராகம், அதன் வளைவும் கமகமும் வேறு. இங்கே வருவது பாம்பாட்டியைப் படத்தில் மட்டும் பார்த்தவர் கற்பனை செய்த பாம்பாட்டி.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 2ஏ03 சிப்பில் ஸ்வரத்தை வழுக்கி இழுக்க முடியும், ஆனால் உழைப்பு அதிகம். சில விநாடி மெட்டுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். 2009-ன் வீ பதிப்பில் இந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. சிதார் வந்தது, டைகர் இந்தியிலும் பேசினார்.

சண்டை நேரத்தில் எல்லாருக்கும் ஒரே பாட்டுதானா? சோம்பேறித்தனமா?

ஆமாம், ஒரே பாட்டு. கிளாஸ் ஜோவிலிருந்து டைசன் வரை. இடமில்லை என்பது ஒரு காரணம், முன்பே சொன்ன கணக்குதான். ஆனால் எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியவில்லை. எதிராளிக்கு எதிராளி பாட்டு மாறினால் காது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டும். ஒரே பாட்டு என்பதால் மூன்றாவது சண்டைக்குள் அது பின்னணிக்குப் போய்விடுகிறது. அதன் மேல் விழும் ஒவ்வொரு சத்தமும் பளிச்சென்று கேட்கிறது.

மாற்றம் வேண்டிய இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். எதிராளி விழுந்தால் சண்டைப் பாட்டு அறுந்து வேறொரு துண்டு வரும். மேக் விழுந்தால் இன்னொன்று. மாரியோ எண்ணிக்கொண்டிருக்க, நீங்கள் பொத்தான்களைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து எண்ணிக்கை நேரத்தில், பாட்டு மாறியதாலேயே பதற்றம் ஏறும்.

பாட்டின் தாளத்தைப் பிடித்து அதற்கேற்ப அடித்தால் ஜெயிக்கலாம் என்கிறார்களே?

செய்யாதீர்கள். எதிராளியின் அசைவுகள் திரையின் ஃபிரேம் கணக்கில் ஓடுகின்றன, அதாவது வினாடிக்கு 60 படம். பாட்டு தன் கணக்கில் ஓடுகிறது. இரண்டையும் யாரும் கோத்து வைக்கவில்லை. ஒரு சண்டையில் தற்செயலாகப் பொருந்தியது அடுத்த சண்டையில் காலை வாரும்.

காது உதவாது என்று சொல்லவில்லை. காதுதான் இந்த விளையாட்டில் பாதி. ஆனால் கேட்க வேண்டியது பாட்டை விட்டு வெளியே இருக்கும் சத்தங்களை. பால்ட் புல்லை எடுத்துக்கொள்வோம். திடீரென்று பின்வாங்குவார், பிறகு கங்காருபோல் குதித்துக் குதித்து முன்னால் வருவார், வந்த வேகத்தில் கீழிருந்து மேலாக ஒரு குத்து. பட்டால் அந்த இடத்திலேயே தரையில். அவர் குதிப்பை எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது குதிப்பு முடியும் கணத்தில் வயிற்றில் ஒன்று விட்டால் ஒரே அடியில் அவர் விழுவார். ஒரு துளி முந்தினாலும் பிந்தினாலும் விழுவது நீங்கள். அந்த மூன்று குதிப்பின் இடைவெளி ஒருபோதும் மாறாது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் பலருக்குக் கண்ணைத் திறந்து பார்ப்பதைவிட நன்றாக வரும், முயன்று பாருங்கள். கண் அவர் கையைப் பார்த்துப் பயந்துவிடுகிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டே முழு விளையாட்டையும் ஆடியவர்கள் உண்டா?

உண்டு. அறக்கொடைக்கு நிதி திரட்டும் 'கேம்ஸ் டன் குவிக்' நிகழ்ச்சியில் 2014-ல் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் ஆடிக் காட்டினார். யூட்யூபில் இருக்கிறது. ஒலி மட்டும் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அவருக்கு எது தெரிந்தது என்று உங்களுக்கும் விளங்கும். ஒவ்வொரு ஓங்கலுக்கும், தடுப்புக்கும், தவறிய குத்துக்கும் தனிச் சத்தம்.

காது கேளாதவர்களும் நன்றாக ஆட முடியும், ஏனென்றால் கண்ணுக்கும் குறிப்பு வைத்திருக்கிறார்கள். டைகரின் மணிக்கல் ஒன்று. பால்ட் புல் பாய்ந்து வரும்போது கூட்டத்தில் ஒரு கேமரா ஃபிளாஷ் மின்னுவது இன்னொன்று. அது அடிக்க வேண்டிய நேரத்தைக் காட்டும் குறிப்பு என்பது பல ஆண்டுகள் கழித்து, விளையாட்டைச் செய்தவர்கள் சொன்ன பிறகுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்தது.

டைசன் போய் மிஸ்டர் டிரீம் வந்தபோது இசையும் மாறியதா?

இல்லை. தலையும் பெயரும்தான் மாறின. டைசனோடு செய்த ஒப்பந்தம் முடிந்ததும் நின்டெண்டோ அதைப் புதுப்பிக்கவில்லை. டிரீமுக்கு அதே உடம்பு, அதே குத்து, அதே பாட்டு. முதல் ஒன்றரை நிமிடம் அவர் கீழிருந்து விடும் குத்து ஒன்று பட்டாலே விழ வேண்டும் என்பதும் அதே. நேரே அவரிடம் போக 007 373 5963 என்ற எண்ணும் அப்படியே வேலை செய்யும்.

ஓடிக்கொண்டே பயிற்சி செய்யும் காட்சியின் பாட்டு ஏன் இவ்வளவு பிரபலம்?

ஒரு சுற்றின் பட்டத்தை வென்றதும் வரும் இடைக்காட்சி அது. விடியல் வானம், பின்னணியில் சுதந்திர தேவி சிலை, இளஞ்சிவப்பு உடையில் மேக் ஓட, முன்னால் அவன் பயிற்சியாளர் டாக் லூயிஸ் சைக்கிளில். கீழே அடுத்த சுற்றுக்கான கடவுச்சொல், அதாவது விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் எண்.

விளையாட்டில் கட்டுப்பொறியைக் கீழே வைக்க முடிகிற இடம் இது ஒன்றுதான். சண்டையில் பாட்டைக் கேட்க யாருக்கு நேரம்? இங்கே கை ஓய்ந்திருக்கும், மனது ஜெயித்த மிதப்பில் இருக்கும், எண்ணைத் தாளில் குறிக்கும் வரை பாட்டு சுற்றிச் சுற்றி ஓடும். அந்தக் குறிக்கும் நேரத்தில்தான் அது ஒரு தலைமுறையின் காதில் குடியேறியது. என்னைக் கேட்டால் மொத்த விளையாட்டிலும் தனியாகக் கேட்கத் தகுந்த ஒரே பாட்டு இதுதான். மற்றவை எல்லாம் படத்தோடு கேட்டால்தான் ருசி. 2014-ல், நின்டெண்டோ பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் விளையாட்டில் மேக் ஆடத் தகுந்த வீரராக வந்தபோது இந்தப் பாட்டின் புது வடிவமும் கூடவே வந்தது. இன்றும் ஓடப் போகிறவர்கள் ஃபோனில் போட்டுக்கொள்கிறார்கள்.

நான் கேட்ட பதிவு மெதுவாக, சுருதி இறங்கி ஒலிக்கிறது. எது சரி?

ஐரோப்பியப் பெட்டியில் எடுத்த பதிவாக இருக்கலாம். அங்கே தொலைக்காட்சி வினாடிக்கு 50 படம், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 60. அதற்கேற்ப மாற்றி எழுதாத விளையாட்டுகளில் பாட்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். சிப்பின் கடிகாரமும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்கு இறங்குவதால் சுருதி அரை ஸ்வரத்துக்கும் சற்று அதிகமாகத் தாழும். அப்புறம் பழைய பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டர்கள் வேறு. மலிவானவற்றில் முக்கோண அலை மழுங்கியும், இரைச்சல் சீறியும் கேட்கும். அமெரிக்க அல்லது ஜப்பானியப் பெட்டியில் எடுத்த பதிவைத் தேடுங்கள்.

சூப்பர் நின்டெண்டோ பதிப்பின் இசை?

தகாஷி குமேகாவா இசையமைத்தது. எட்டுக் குரல், ஒவ்வொன்றிலும் பதிவு செய்த வாத்திய ஒலி, ஆகவே நிஜ டிரம்மும் கிதாரும்போல் கேட்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முணுமுணுக்க வைப்பது 1987-தான்.

வீ பதிப்பில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாட்டு என்கிறார்களே?

தனிப் பாட்டு என்பதைவிட ஒரே பாட்டின் பல வேஷம் என்பது சரி. கனடாவின் வான்கூவரில் இருக்கும் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் செய்த விளையாட்டு இது. இசை மைக் பீகாக், டேரன் ராட்கே, சாட் யார்க். 1987-ன் அந்த ஒற்றைச் சண்டைப் பாட்டைக் கருவாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீரருக்கும் அவர் ஊர் வாத்தியங்களில் மறுபடி சமைத்திருக்கிறார்கள். கிளாஸ் ஜோவுக்கு அக்கார்டியன், டான் ஃபிளமெங்கோவுக்கு ஸ்பானிய கிதார், டிஸ்கோ கிட் என்பவருக்கு டிஸ்கோ, டைகருக்கு முன்பே சொன்ன சிதார்.

நல்ல பயிற்சி ஒன்று: பழைய சண்டைப் பாட்டை நாலைந்து முறை கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு, பிறகு வீ பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அதற்குள் பழைய மெட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். சிலவற்றில் முதல் வரியிலேயே சிக்கும். சிலவற்றில் சுலபத்தில் அகப்படாது. ஒரே ராகத்தை நாகஸ்வரத்திலும் வீணையிலும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை.

கீபோர்டில் வாசிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பயிற்சி ஓட்டப் பாட்டில் தொடங்குங்கள், மெட்டு தெளிவு. எட்டு பிட் பாட்டுகளை எடுத்து எழுத மிக எளிது, ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரத்துக்கு மேல் வராது: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோணம். இரண்டு சதுரமும் வலது கை, முக்கோணம் இடது கை.

இந்தப் பாட்டுகள் என்எஸ்எஃப் என்ற கோப்பு வடிவில் கிடைக்கும். அதில் இருப்பது ஒலிப்பதிவு இல்லை, விளையாட்டின் இசை நிரலும் குறிப்பும். அதை வாசிக்கும் செயலிகளில் ஒவ்வொரு குரலையும் தனியாக அணைக்கலாம். முதலில் முக்கோணத்தை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள், இடது கையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முதல் சதுரம், கடைசியாக இரண்டாவது. இரைச்சலை விட்டுவிடலாம், கால் தட்டினால் போதும். ஃபாமிஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் குறிப்புகளைக் கட்டங்களாகக் கண்ணாலேயே பார்க்கலாம், சொந்தமாக எட்டு பிட் பாட்டு எழுதவும் அதுவே போதும்.

இன்று இந்த விளையாட்டை முறையாக எங்கே ஆடலாம்?

நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலின் ஆன்லைன் சந்தாவில் 2019 ஏப்ரல் முதல் மிஸ்டர் டிரீம் பதிப்பு இருக்கிறது. 2016-ல் வந்த குட்டி என்இஎஸ் பெட்டியிலும் அதுவே. ஆர்கேடு பதிப்பு 2018-ல் ஸ்விட்சுக்குத் தனியாக விற்பனைக்கு வந்தது. டைசன் பதிப்பு வேண்டுமென்றால் பழைய கேட்ரிட்ஜுதான் வழி.

என் வீடியோவுக்குப் பின்னணியில் இந்த இசையைப் போடலாமா? மெட்டுகள் பழையவைதானே?

மெட்டு பழையது, விளையாட்டில் ஒலிக்கும் வடிவம் நின்டெண்டோவினுடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். லா மர்செயேஸை நீங்களே கீபோர்டில் எட்டு பிட் பாணியில் வாசித்துப் போட்டால் உரிமை கேட்க ஆளில்லை. கேட்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டால் உரிமை கேட்க ஆள் உண்டு. தன் இசையை யூட்யூபிலிருந்து நீக்கச் சொல்வதில் நின்டெண்டோ தயங்குகிற நிறுவனம் இல்லை. சண்டைப் பாட்டும் பயிற்சிப் பாட்டும் முழுக்க அவர்களுடையவை, அவற்றை நீங்களே வாசித்தாலும் மெட்டுக்கு உரிமை அவர்களிடம்தான். ஜில்லெட் மார்ச்சை எந்த வடிவிலும் தொடாதீர்கள், அது மாலன் மெரிக் எழுதிய 20-ம் நூற்றாண்டுப் படைப்பு. மற்ற அறிமுக மெட்டுகளைப்போல் பழைய பொதுச் சொத்து என்று எடுத்துக்கொள்ள முடியாது.